அப்பாவுக்குக் கேட்ட பாட்டு

சடையங்குப்பத்தில் எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டர் டி.எம்.எஸ்.ஸின் தனிச்சொத்து. அதில் ஒருநாள் பெரியப்பா மகன் 'ஸ்லேயர்' கேசட்டைச் செருகினான். 'ரெய்ன் இன் பிளட்', 1986-ல் வந்த த்ராஷ் மெட்டல். கிரைண்டரில் ஸ்பூன் விழுந்துவிட்டதென்று அம்மா ஓடி வந்தாள்!

பத்துப் பாட்டுக்கும் சேர்த்து 29 நிமிஷம்தான். அதனால் கேசட்டின் இரண்டு பக்கத்திலும் முழு ஆல்பத்தையும் பதிந்துவிட்டார்கள். பின்னாளில் பி.காம். படித்த எனக்கு இந்தக் கணக்கு இன்னும் பிடிக்கும். முதல் பாட்டு, நாஜி டாக்டர் மெங்கலேயின் கொடூரம். விநியோகிக்க மாட்டோம் என்று கொலம்பியா கம்பெனி ஒதுங்கிக்கொண்டது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் ராப் ஆசாமி. எதிரொலிப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டார். டேவ் லொம்பார்டோவின் டிரம்மில் ஒவ்வொரு அடியும் தனியாக விழும்.

2012-ல் அவர்கள் பெங்களூர் வந்தபோது எனக்கு லீவு கிடைக்கவில்லை. போகட்டும், கச்சேரி எங்கள் வீட்டிலேயே எப்போதோ நடந்துவிட்டது.

அப்பா இருபது வருஷம் பிரஸ் மெஷினோடு குடித்தனம் நடத்தியவர். காது மந்தம். டி.எம்.எஸ்.ஸே அவருக்கு முணுமுணுப்புதான். அன்று நைட் ஷிப்ட் முடிந்து வந்தவர், ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்தார். திட்டு விழப்போகிறதென்று பட்டனை அமுக்கப் போனேன்.

"நிறுத்தாதடா... இது எனக்குக் கேக்குது."