கண்ணீர், குண்ணீர் ஆன ராத்திரி!

எங்க அப்பாவுக்கு கோவில்பட்டியில் ஒரு டி.டி.பி. சென்டர். பத்துக்குப் பத்து ரூம், ஒரு சிஸ்டம், ஒரு லேசர் பிரின்டர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர்னு ஏரியாவோட நல்லது கெட்டது எல்லாம் அந்த சிஸ்டத்தில் டைப் ஆனதுதான். 2005-ல் வாங்கினது. விண்டோஸ் எக்ஸ்பி.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாவது வருஷம். 2025 அக்டோபர் 14-ம் தேதியோட விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடியுதுன்னு ஹாஸ்டலில் ஒரே பேச்சு. அப்பத்தான் எனக்கு உறைச்சது. எங்க கடை எக்ஸ்பிக்கு அது 2014 ஏப்ரலிலேயே முடிஞ்சுபோச்சே! தீபாவளி லீவுக்கு ஊருக்குப் போனதும் முதல் வேலையா அப்பாவை நச்சரிச்சு, விண்டோஸ் 11 போட்ட புது மெஷின் ஒண்ணு வாங்க வெச்சேன்.

''ஓடுற வண்டியை எதுக்குய்யா பிரிக்கிற?''னு ஒரு தடவைதான் கேட்டார். ''அப்பா, நான் படிக்கிறதே இதுதான்''னு பந்தாவா சொல்லிட்டு, ஃபைல்களை பென் டிரைவில் காப்பி பண்ணி, பழைய சி.பி.யூவைத் தூக்கிப் பரணில் போட்டேன்.

புது மெஷினில் முதல் ஃபைலைத் திறந்தால்... தமிழே இல்லை. தாறுமாறா இங்கிலீஷ் எழுத்தும் குறியீடும். அது பெரிய விஷயமில்லை. யூனிகோடுக்கு முந்தைய ஃபான்ட்களில் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்க அடிக்கிறது இங்கிலீஷ்தான். அந்த எழுத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிடுவது மட்டும்தான் ஃபான்ட்டோட வேலை. ஃபான்ட்டைப் போட்டேன், தமிழ் வந்துடுச்சு. காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டேன்.

அடுத்ததா, அப்பா டைப் அடிக்கிற தமிழ் சாஃப்ட்வேர். தொண்ணூறுகளில் வந்த சி.டி. (பேர் வேண்டாம் பாஸ், அந்த கம்பெனி மேல் தப்பில்லை.) செட்டப்பை க்ளிக் பண்ணினா, 'இது உங்க பி.சி.யில் ஓடாது'ன்னு ஒரு மெசேஜ். காம்பாட்டிபிலிட்டி மோடில் போட்டுப் பார்த்தேன். அது என்ன பண்ணும்னா, 'நீ எக்ஸ்பியில்தான் இருக்கே'ன்னு அந்த சாஃப்ட்வேர்கிட்ட பொய் சொல்லும். பல பழைய சாஃப்ட்வேர் அதை நம்பி ஓடிடும். ஆனா, இந்த செட்டப் 16 பிட். 64 பிட் விண்டோஸில் அதுக்கு இடமே கிடையாது. விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட்டில் ஒரு பதிப்பு இருந்தது, அதில் ஓட்டியிருக்கலாம். 11-ல் 64 பிட் மட்டும்தான்.

சரி, எப்படியாவது ஏத்திட்டாலும் அடுத்த பூதம் ரெடி. அந்த சாஃப்ட்வேருக்கு ஒரு டாங்கிள் உண்டு. பழைய பிரின்டர் போர்ட்டில் சொருகினால்தான் வாயைத் திறக்கும். புது மெஷினில் அந்த போர்ட்டே இல்லை. அதோட டிரைவரும் 32 பிட். சாதாரண 32 பிட் புரோகிராம்களை 64 பிட் விண்டோஸ் சமாளிச்சுக்கும். டிரைவர் அப்படியில்லை, சிஸ்டத்தோட அடிவயித்தில் உட்காருவது. அதுவும் 64 பிட்டாகத்தான் இருக்கணும்.

இதெல்லாம் இப்ப தெளிவா சொல்றேன். அன்னிக்கு இதைக் கண்டுபிடிக்கவே ராத்திரி பதினோரு மணி ஆச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் ஷட்டரைத் தட்டினாங்க.

டீக்கடை அண்ணாச்சி. அழுது கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. அவங்க அம்மா தவறிட்டாங்க. காலையில் எட்டு மணிக்கு எடுக்கிறாங்க, விடியறதுக்குள்ள போஸ்டர் ஒட்டணும். ''ஒண்ணும் கவலைப்படாதீங்க, நான் பார்த்துக்கிறேன்''னு அப்பா போட்டோவை வாங்கி வெச்சார். அண்ணாச்சி போனதும் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாகூட நல்லா இருந்திருக்கும்.

பழைய சி.பி.யூவைப் பரணில் இருந்து இறக்கினோம். பவர் பட்டனை அழுத்தினா பீப் பீப்னு கத்துச்சு, அவ்வளவுதான். ஸ்கிரீன் இருட்டு.

கடைசியில் கைகொடுத்தது என் லேப்டாப்பில் கிடந்த பாமினி ஃபான்ட், காலேஜ் தமிழ் மன்ற மலருக்காகப் போட்டது. அதுக்கு டிரைவரும் வேண்டாம், டாங்கிளும் வேண்டாம். பாமினியைத் தேர்ந்தெடுத்துட்டு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளின்னு வரிசையா அடிச்சா 'தமிழ்'னு வரும். கீபோர்டைப் பார்த்த அப்பா, ''இது நம்ம டைப்ரைட்டர்ல ய்யா!''ன்னார். மனுஷன் அந்தக் காலத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஏறக்குறைய அதே இடங்கள். டைப்ரைட்டரில் புள்ளியை முதலில் அடிக்கணும், இதில் எழுத்துக்குப் பிறகு அடிக்கணும். நாலு வரி தடுமாறினார், அப்புறம் விரல் பறந்தது.

நான் லே-அவுட் முடிச்சு அனுப்பப் போனேன். ''நில்லு''ன்னார். தலைப்பைக் காட்டினார். 'குண்ணீர் அஞ்சலி'. பாட்டி பேரில் முதல் எழுத்து 'த', அது 'து'-வா நின்னுச்சு. சாஃப்ட்வேர் இதை இங்கிலீஷ் வாக்கியம்னு நினைச்சு, முதல் எழுத்தைத் தானாவே கேப்பிட்டல் ஆக்கியிருக்கு. பாமினியில் சின்ன எஃப் 'க', பெரிய எஃப் 'கு'. சின்ன ஜே 'த', பெரிய ஜே 'து'. நான் ரெண்டு தடவை படிச்சும் கண்ணில் படலை. அப்படியே ஒட்டியிருந்தா அண்ணாச்சி முகத்தில் எப்படி முழிக்கிறது?

ஆட்டோ கரெக்ட்டை ஆஃப் பண்ணி, திருத்தி, பி.டி.எஃப். ஆக்கி டிஜிட்டல் பிரின்டிங் கடைக்கு அனுப்பினோம். பி.டி.எஃப்-க்குள்ள ஃபான்ட்டும் சேர்ந்தே போயிடும். அதனால் அவங்க சிஸ்டத்தில் பாமினி இருக்கா, இல்லையான்னு பயப்பட வேண்டியதில்லை. நாலரைக்கு போஸ்டர் வந்தது. பசை வாளியை நான்தான் தூக்கிட்டுப் போனேன்.

மறுநாள் சர்வீஸ் அண்ணன் ஒருத்தர் வந்து பழைய சி.பி.யூவைப் பிரிச்சார். ரேமை உருவி, பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்ச்சு, திரும்பச் சொருகினார். எக்ஸ்பி பச்சைப்புல்லோட சிரிச்சுது. அஞ்சு நிமிஷ வேலை. ''தம்பி என்ன படிக்குது?''ன்னு கேட்டார். அப்பா, ''காலேஜு''ன்னு மட்டும் சொன்னார்.

இப்ப ரெண்டு மெஷினும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கு. பழசுக்கு நெட் கனெக்ஷன் கட். ஊருக்குப் போறப்பல்லாம் இருபது வருஷ ஃபைல்களில் கொஞ்சத்தை யூனிகோடுக்கு மாத்துறேன். அப்பா ப்ரூஃப் பார்க்கிறார். அம்மா கல்யாணப் பத்திரிகை ஃபைல்களை மட்டும் எட்டிப்பார்த்து, ''இந்தப் புள்ளைக்கு இப்ப பேரனே பொறந்தாச்சு''ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிடுறாங்க. இதுவரைக்கும் 2009 வரை முடிச்சிருக்கோம்.