நிற்கிற மெசினுக்கும் செலவுண்டு

ஒருநாள் அந்தி நேரம். குசினியில் நின்ற எனக்கு ட்ரக்டர் ஓடும் சத்தம் கேட்டது. விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்திருந்த என் கணவரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். எங்கள் வளவுக்குள் ட்ரக்டர் சத்தம் கேட்டு மூன்று வருடங்களுக்கு மேலாகிறது. இருவரும் வெளியே எட்டிப் பார்த்தோம். அங்கே ஒன்றுமில்லை. சத்தம் வந்தது எங்கள் மகனின் அறைக்குள் இருந்து.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் பிள்ளை அவன். கட்டாரில் தொழில் செய்யும் என் தம்பி கொடுத்த கணனியில் ஏதோ விளையாடுகிறான் என்பது தெரியும். துப்பாக்கியும் சண்டையுமாகத்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் திரையில் ஒரு வயல். சிவப்பு ட்ரக்டர் ஒன்று உழுதுகொண்டிருக்கிறது.

"இது மஸி பேர்கசன்தானே?" என்றார் கணவர், வாசலில் நின்றபடியே. அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய்விட்டார். ஏன் போனார் என்பது எனக்குத் தெரியும். அதைப் பின்னர் சொல்கிறேன்.

'ஃபார்மிங் சிமுலேட்டர்' என்பது அந்த விளையாட்டின் பெயர். சுவிற்சர்லாந்தில் உள்ள ஜயண்ட்ஸ் சொப்ட்வெயார் என்ற நிறுவனம் 2008 இல் முதன்முதலாக வெளியிட்டதாம். என் மகன் விளையாடுவது 2024 நவம்பரில் வந்த பதிப்பு. அதில் 400 க்கு மேற்பட்ட இயந்திரங்களும் கருவிகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை மஸி பேர்கசன், ஜோன் டியர் போன்ற உண்மையான கம்பனிகளின் பொருட்கள். அதனால்தான் இவர் தூரத்திலிருந்தே அடையாளம் கண்டார்.

விளையாட்டின் போக்கு இதுதான். புதிய விவசாயியாகத் தொடங்குபவருக்குக் கொஞ்சக் காணியும் சில சிறிய இயந்திரங்களும் கிடைக்கும். உழுது, விதைத்து, அறுத்து, விற்றுக் காசு சேர்க்க வேண்டும். அந்தக் காசில் கடைக்குப் போய்ப் பெரிய ட்ரக்டர், அகலமான கலப்பை, நவீன அறுவடை இயந்திரம் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு போகலாம். காசு போதாவிட்டால் வங்கிக் கடன் இருக்கிறது. அதற்கு வட்டியும் உண்டு. "விளையாட்டிலுமா வட்டி?" என்று நான் கேட்டதற்கு மகன் சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து அவன் முகம் வாடிக் கிடந்தது. விசாரித்தேன். கோதுமை விளையும் மத்திய ஐரோப்பிய நாடொன்றைப் போல் அமைந்த ஊரில் அவன் பண்ணை நடத்திக்கொண்டிருந்தான். சின்ன மெசினால் அறுப்பது நேரமெடுக்கிறது என்று முழுக் கடனையும் எடுத்து, கடையில் கண்ணைப் பறித்த மிகப் பெரிய அறுவடை இயந்திரத்தை வாங்கிவிட்டான். வெட்டும் முன்பகுதிக்கு வேறு விலை. அது பன்னிரண்டு மீற்றருக்கு மேல் அகலம். அதைக் கழற்றி ஏற்றிக்கொண்டு போக இன்னொரு வண்டி வேண்டும். அதுவும் தனி விலை.

வாங்கிய பிறகுதான் விடயம் புரிந்தது. மெசின் கொஞ்ச நேரத்தில் தன் தொட்டியை நிரப்பிவிடுகிறது. ஆனால் தானியத்தை ஏற்றிப்போக அவனிடம் இருந்தது பழைய சின்னப் பெட்டி. பெட்டி ஆலைக்குப் போய் வரும்வரை அந்தப் பெரிய மெசின் நிறைந்த வயிற்றோடு வயலில் நிற்கிறது. பெரிய பெட்டி வாங்கலாம் என்றால் அதை இழுக்கப் பழைய ட்ரக்டருக்குக் குதிரை வலு காணாது. வயலோ சிறியது. மெசின் வெட்டும் நேரத்தைவிடத் திரும்பும் நேரம் அதிகம். கணக்குப் பக்கத்தைத் திறந்தால் வாகனப் பராமரிப்பு, கடன் வட்டி என்று வரிசையாகச் சிவப்பு இலக்கங்கள். விற்றுவிடுவோம் என்று கடைக்குக் கொண்டுபோனால் வாங்கிய விலை கிடைக்காது. ஓடிய மணித்தியாலமும் வயதும் தேய்மானமும் பார்த்துக் குறைத்துத்தான் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது கணவர் உள்ளே வந்தார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் அமர்ந்தார்.

"இந்த மெசின் வருசத்துல எத்தின நாள் ஓடும் மகன்?"

"அறுவடைக்கு மட்டும்தான் வாப்பா."

"மிச்ச நாளைக்கு?"

"நிக்கும்."

"நிக்கிற நாளைக்கும் காசு போகும்தானே?"

மகன் தலையாட்டினான். இவர் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "நானும் இதைத்தான் செஞ்சன்."

வாசக சகோதரிகளே, இந்த ஒரு வசனத்துக்காக நான் மூன்று வருடம் காத்திருந்தேன்.

அம்பாறை மாவட்டத்தில் எங்களுக்கு ஏழு ஏக்கர் நெற்காணி. மாமாவின் காலத்திலிருந்து ஒரு லேண்ட்மாஸ்டர் இருந்தது. எங்கள் வேலைக்கு அது போதும். 2019 இல் இவருக்கு ஓர் ஆசை வந்தது. பெரிய ட்ரக்டர் எடுத்தால் நமது வயலையும் உழலாம், பிறருக்கும் ஏக்கர் கணக்கில் உழுது கொடுத்துத் தவணையைக் கட்டலாம் என்று கணக்குப் போட்டார். லேண்ட்மாஸ்டரை விற்றார். என் காப்புகளையும் கழற்றிக் கொடுத்தேன். மீதியை லீசிங்கில் எடுத்தார்.

அந்தக் கணக்கில் ஓட்டை இருந்தது. எங்கள் பகுதியில் சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து தண்ணீர் திறக்கும் திகதியை வைத்துத்தான் எல்லோரும் வயலில் இறங்குவார்கள். ஒரே கிழமைகளில் எல்லாருக்கும் உழவு வேண்டும். பிறகு மாதக்கணக்கில் எவருக்கும் வேண்டாம். ஆனால் தவணை மாதாமாதம் வரும். அதற்கிடையில் 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் விழுந்தது. உழவுக் கூலியைக் கேட்கப் போனால் கேட்டவர்களும் கண் கலங்கி நின்றார்கள். 2022 இல் டீசல் வரிசை. ட்ரக்டர் இருந்தும் ஓட்ட எண்ணெய் இல்லை. மூன்று தவணை தவறியதும் ஒரு காலை வந்து கொண்டுபோய்விட்டார்கள்.

அன்றிலிருந்து அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. இவர் கூலிக்கு ட்ரக்டர் பிடித்து உழுகிறார். உழும்போது வரம்பில் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிடுவார். உரமும் டீசலும் இவர் கையில் இருந்த காரியமல்ல. ஆனால் லேண்ட்மாஸ்டரை விற்றது தன் கையால் செய்த காரியம் என்பதுதான் இவரைத் தின்றுகொண்டிருந்தது. அன்றிரவு மகனின் கணனிக்கு முன்னால் அதை ஒவ்வொன்றாகச் சொன்னார். மகன் விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த நாள் இருவரும் சேர்ந்து புதிதாக ஒரு பண்ணையைத் தொடங்கினார்கள். இம்முறை யோசனை சொன்னது வாப்பா. முதலில் பழைய மெசின்களை வைத்துக்கொண்டே மற்ற விவசாயிகளின் ஒப்பந்த வேலைகளைச் செய்தார்கள். அந்த விளையாட்டில் ஒப்பந்தத்துக்குத் தேவையான கருவிகளைக் கட்டணம் கொடுத்து இரவலாகவும் எடுக்கலாம். பெரிய மெசின் எப்படி வேலை செய்கிறது என்பதை வாங்காமலே ஓட்டிப் பார்க்க அது நல்ல வழி. எதையாவது மாற்றவேண்டும் என்றால் "இப்ப எது எதுக்காகக் காத்து நிக்குது?" என்று இவர் கேட்பார். அறுவடை மெசின் பெட்டிக்காகக் காத்து நின்றால் பெட்டியைத்தான் மாற்றவேண்டும், மெசினை அல்ல. கலப்பைக்கு வேண்டிய குதிரை வலு எவ்வளவு என்பதைப் பார்த்த பிறகே ட்ரக்டருக்கு விலை கேட்பார். கடையில் பாவித்த இயந்திரங்களும் குறைந்த விலைக்கு வரும். அதில் ஓடிய மணித்தியாலத்தைப் பார்த்து எடுத்தார்கள். வருமானம் வந்ததும் முதலில் கடனை இறக்கினார்கள்.

அந்தப் பண்ணை மெதுவாகத்தான் வளர்ந்தது. ஆனால் சிவப்பு இலக்கம் வரவில்லை.

2024 ஆம் ஆண்டின் இந்தப் பதிப்பில்தான் நெல்லும் வந்திருக்கிறதாம். கிழக்காசிய ஊரொன்றைப் போல் அமைத்து, தண்ணீர் கட்டும் வயல்களும் நாற்று நடும் மெசினும் வைத்திருக்கிறார்கள். எருமைகளும் உண்டு. மகன் அதைத் திறந்து காட்டியபோது, "நாங்க வீசி விதைக்கிற ஆக்கள். இந்த மெசின் எங்களுக்கு எதுக்கு?" என்று இவர் சிரித்தார். ட்ரக்டர் போன இடத்தில் டயர்த் தடம் மண்ணில் பதிவதைப் பார்த்துவிட்டு, "தடம் சரி. ஆனா நம்மட வட்டைச் சேத்துக்குள்ள இறக்கிப் பாக்கச் சொல்லு" என்றார்.

விளையாட்டில் இல்லாதவையும் பல. அங்கே வேலையாள் என்றால் ஒரு பொத்தானை அழுத்தினால் வந்து ட்ரக்டரில் ஏறிவிடுவான். அவனுக்குப் பசியில்லை, குடும்பமில்லை. எங்கள் வட்டைக்குள் வெட்டு மெசின் வந்தபோது கத்தி பிடித்து வெட்டிய கைகள் எத்தனையோ வேலையிழந்தன. கதிர் பொறுக்க வரும் பெண்களும் வராமற் போனார்கள். அந்தக் கணக்கு எந்தத் திரையிலும் வராது. தோற்றால் அங்கே புதிதாகத் தொடங்கலாம். இங்கே விற்ற லேண்ட்மாஸ்டர் திரும்பி வராது.

ஆனாலும் பிள்ளைகள் கணனியில் காலத்தை வீணாக்குகிறார்கள் என்று நான் இப்போது முன்போல் ஏசுவதில்லை. கணவன் மனைவி பேச முடியாத ஒன்றை அந்த விளையாட்டு எங்கள் வீட்டில் பேச வைத்தது. சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் மெசினோ வாகனமோ மாற்றும் பேச்சு வரலாம். காப்பைக் கழற்றிக் கொடுக்கும் முன் கணக்கைக் கேளுங்கள். அது ஓடும் நாளுக்கு என்ன வரும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். நிற்கும் நாளுக்கு என்ன போகும் என்று கேட்பது நம் வேலை. அன்று நானும் கேட்கவில்லை.

போன கிழமை பக்கத்து ஊரில் பாவித்த லேண்ட்மாஸ்டர் ஒன்று விலைக்கு இருப்பதாக இவர் சொன்னார். கைக்காசுக்கு எடுக்கலாமா என்று பார்க்கிறார். மகனின் அப்பியாசக் கொப்பியில் ஒரு பக்கத்தில் கோடு கிழித்து எழுதியிருந்தார். 'ஓடும் நாள்' என்று ஒரு பக்கம். 'நிற்கும் நாள்' என்று மறு பக்கம். எழுதி முடித்ததும் கொப்பியை என்னிடம் நீட்டினார்.

"நீயும் ஒருக்காப் பாரு" என்றார்.