கோட்டம் எடுக்கும் கைக்கு என்ன கூலி?

கீழக்கரையில் சைக்கிளின் முதல் எதிரி கடல்காற்று. காற்றில் வரும் உப்பு எங்கே படிந்தாலும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே படாமல் வீட்டுக்குள் நிற்கிற வண்டிக்கும் செயின் துருவேறி இறுகிவிடும். பழைய தெரு ஒன்றில் இருக்கும் சைக்கிள் கடையில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். ஊரார் 'காக்கா' என்று கூப்பிடும் கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிய வயது. "இங்கே வர்ற வண்டியில பாதிக்குத் துருதான் தம்பி வியாதி" என்றார்.

மீன் விற்கும் பெரியவர் ஒருவர் தன் பழைய கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியர் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் தினமும் பின்சக்கரத்தில் வடிகிறது. ரிம் கோணியிருந்தது. இந்த ரக வண்டியில் முன்சக்கரத்துக்கு 32 கம்பி, பின்சக்கரத்துக்கு 40. பாரமும் மிதியும் பின்னால்தான் இறங்குகின்றன.

காக்கா வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்முக்குப் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துச் சக்கரத்தைச் சுற்றினார். கோட்டம் உள்ள இடத்தில் மட்டும் வெள்ளைக்கோடு விழுந்தது. கோடு வலப்பக்கம் விழுந்தால் அங்கே வலக்கம்பியைத் தளர்த்தி, இடக்கம்பியை முறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். அவசரப்பட்டால் கோட்டம் வேறு இடத்தில் கிளம்பிவிடும். கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள்கள் சில துருவில் அசையவில்லை. மண்ணெண்ணெய் சொட்டுவிட்டு, அது ஊறும் வரை வேறொரு பஞ்சரைப் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, கம்பிகளை விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே இறுக்கத்தைக் கணித்தார். இந்தக் காது வாய்க்கப் பல வருடம் ஆகும்.

கடையை நடத்துவது இதைவிடக் கடினம். கறுப்பு வண்டிக்குப் பிரேக் கட்டை, காட்டர்பின், வால்டியூப் வேண்டும். வளைகுடாவில் இருக்கும் வாப்பாமார் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த கியர் வண்டிகளுக்கு கேபிளும் டிஸ்க் பிரேக் பேடும் வேண்டும். ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குப் பொருந்தாது. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். அடுக்கி வைத்த கம்பிகளும் பெட்டிக்குள்ளேயே துருப்பிடிக்கும். எண்ணெய் தடவித்தான் வைத்திருக்கிறார்.

முன்பு மணிக்கணக்கில் வாடகைக்கு விட்ட சைக்கிள்கள் கடை வாடகையைக் கட்டின. வீட்டுக்கு வீடு வண்டி வந்ததும் அந்த வருமானம் நின்றது. தமிழக அரசின் இலவச சைக்கிள் 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் 1 மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. அந்த வண்டிகளும் இங்கேதான் பழுதுபார்க்க வருகின்றன. ஆனால் இலவசமாக வந்த வண்டிக்குச் செலவு செய்யப் பல வீடுகளில் மனம் வருவதில்லை.

காக்கா சொன்னதில் எனக்குத் தைத்தது ஒன்று. "டியூபுக்கு நான் சொல்ற விலையைக் கொடுத்துடுறாங்க. கூலின்னு சொன்னதும்தான் பேரம் ஆரம்பிக்குது." பொருளுக்கு அச்சிட்ட விலை இருக்கிறது; கைக்கு இல்லை. கோட்டம் எடுக்க முக்கால் மணி நேரம் குனிந்து நின்றவரிடம், "ஒரு சாமானும் மாத்தலையே" என்று காசைக் குறைக்கிறோம். அதனால்தான் தொழில் பழக ஒரு பையனும் வருவதில்லை. வேலை கற்கும் வயதில் பாஸ்போர்ட் எடுக்கிறான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் சைக்கிள் கொடுக்கும் அரசு, அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களில் உருவாக்க வேண்டும். கடைக்காரர்கள் சாமான் விலையையும் கூலியையும் தனித்தனியாகப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும். அடுத்த முறை சைக்கிள் கடைக்குப் போகும்போது, நாம் கூலியில் பேரம் பேசாமல் இருப்போம்.