ஜாதிக்காய்க்கு என்ன கொடுத்தார்கள்?

ஐரோப்பியர் மசாலாப் பொருட்களைத் தேடிக் கடல் கடந்து வந்தார்கள் என்று பள்ளியிலேயே படித்துவிடுகிறோம். எதைக் கொடுத்து வாங்கினார்கள் என்று கேட்பதில்லை. விடையில் ஒரு பெரும் பங்கு நம் கடற்கரையில் இருக்கிறது.

*

பண்டா: இன்றைய இந்தோனேசியாவின் கிழக்கே, சின்னஞ்சிறு தீவுகள். லொந்தோர், நெய்ரா, ஆய், ருன். 17ஆம் நூற்றாண்டில் உலகச் சந்தைக்கு வந்த ஜாதிக்காயும் ஜாதிபத்திரியும் இங்கே விளைந்தவைதான். இரண்டும் ஒரே பழத்தில் இருப்பவை. கொட்டை ஜாதிக்காய், அதைப் பின்னியிருக்கும் சிவந்த இதழ் ஜாதிபத்திரி. தீவுகளில் அரசன் என்று யாரும் இல்லை. ‘ஓராங் காயா’ எனப்பட்ட ஊர்ப் பெரியவர்கள்தான் வியாபாரம் பேசினார்கள். சோற்றுக்கு அரிசியும் உடுக்கத் துணியும் ஜாவா, மலாய் வியாபாரிகளின் கப்பலில் வரவேண்டும்.

*

டச்சுக்காரர்கள் 1599ல் அங்கே போய் இறங்கினார்கள். அவர்கள் ஊர்க் கம்பளியை அந்தப் புழுக்கத்தில் யார் உடுத்துவார்கள்? தீவுக்காரர்கள் கேட்டது சோழமண்டலக் கரையின் பருத்தித் துணி. சாயவேரின் சிவப்பு ஏறிய, துவைத்தாலும் போகாத துணி. உடுத்த மட்டுமல்ல, தலைமுறை தலைமுறையாகச் சொத்தாகப் பெட்டியில் வைக்கவும்.

ஆகவே ஜாதிக்காய் வேண்டுமென்றால் முதலில் நம் கரைக்கு வந்தாக வேண்டும். 1602ல் தொடங்கிய டச்சுக் கம்பெனி 1605லேயே மசூலிப்பட்டினம் வந்துவிட்டது, பிறகு தேவனாம்பட்டினம். 1610ல் விஜயநகர அரசர் வேங்கடபதியின் அனுமதியோடு பழவேற்காடு. 1613ல் அங்கே கெல்டிரியா கோட்டை எழுந்தது. கம்பெனி வணிகர்களுக்குப் பணம் கொடுக்கும். அவர்கள் நெசவாளர்களுக்கு முன்பணம் தருவார்கள். எந்தத் தீவுக்கு எந்த நிறம், எந்தக் கரை என்று சொல்லியே நெய்ய வைத்தார்கள். பண்டாவில் ஒரு பெண்ணுக்குப் பிடித்த பூவேலை பழவேற்காட்டை அடுத்த கிராமத்துத் தறிக்காரரின் வருமானத்தைத் தீர்மானித்தது. உலகம் இணைந்தது என்று சொல்லும்போது மாலுமிகளின் பெயர்களே வருகின்றன. எனக்கு இந்தத் தறிக்காரர்தான் முதலில் நினைவுக்கு வருகிறார்.

*

இதுவரை நடந்தது வியாபாரம். வாங்குபவருக்கும் விற்பவருக்கும் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை இருந்தது. கம்பெனிக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. தனக்கு மட்டுமே விற்க வேண்டும் என்றது. பண்டாக்காரர்கள் ஜாவாக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் விற்பதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பட்டினிதான்.

1621ல் கம்பெனியின் தலைமை ஆளுநர் யான் பீட்டர்ஸோன் கூன் படையோடு வந்தான். ஓராங் காயாக்கள் 44 பேரை ஜப்பானியக் கூலிப்படையினர் வெட்டிக் கொன்றார்கள். தீவுகளில் ஏறத்தாழ 15,000 பேர் வாழ்ந்திருக்கலாம் என்பது கணிப்பு. சுமார் ஆயிரம் பேரே அங்கே மிஞ்சினார்கள். மற்றவர்கள் கொல்லப்பட்டார்கள், பட்டினியில் மாண்டார்கள், கம்பெனியின் தலைமையிடமான படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாக ஏற்றப்பட்டார்கள், தப்பி ஓடினார்கள்.

*

மரங்கள் நின்றன, பறிக்க ஆளில்லை. கம்பெனி தோப்புகளை 68 பங்குகளாகப் பிரித்து ஐரோப்பியக் குத்தகைக்காரர்களிடம் கொடுத்து, வேலைக்கு அடிமைகளை இறக்கியது. அவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போனவர்களும் இருந்தார்கள். 1622, 1623ஆம் ஆண்டுகளில் பழவேற்காடு, தேவனாம்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். வேங்கடபதி இறந்த பிறகு மூண்ட வாரிசுப் போரும் பஞ்சமும் மனிதரை மலிவாக்கியிருந்தன. அதே பழவேற்காட்டில் கம்பெனி வெடிமருந்தும் செய்து படேவியாவுக்கு அனுப்பியது. துணி போன வழியில் மருந்தும் மனிதரும் போனார்கள்.

*

1667ல் பிரேடா உடன்படிக்கை: ருன் தீவு டச்சுக்காரர்களுக்கு, மன்ஹாட்டன் ஆங்கிலேயருக்கு. இதை எல்லோரும் ருசியான கதையாகச் சொல்கிறார்கள். இரு தீவுகளிலும் முன்பே வாழ்ந்தவர்களை யாரும் கேட்கவில்லை என்பதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்லவே கூடாது என்பேன்.

*

தப்பியவர்களில் ஒரு பகுதியினர் படகேறிக் கிழக்கே கெய் தீவுகளுக்குப் போனார்கள். அங்கே பண்டா எலி, பண்டா எலாத் என்று இரண்டு ஊர்கள். பண்டாவிலேயே மறைந்துவிட்ட பண்டா மொழியை அந்த ஊர்களில் இன்றும் பேசுகிறார்கள்.