புகை போக ஒரு வழி

புதுவீடு கட்டுவோர் செங்கல் எத்தனை, கம்பி எத்தனை, சிமெண்ட் மூட்டை எத்தனை என்று விரல்விட்டு எண்ணுவர். காற்று எவ்வழி வந்து எவ்வழி போகும் என்று எண்ணுவோர் சிலரே. எங்கள் வீட்டிலும் அக்கேள்வி குடிபுகுந்த பின்னரே எழுந்தது.

2018 நவம்பர் 16 அன்று அடித்த கஜா புயல் ஆலங்குடிப் பக்கம் பலாவையும் தென்னையையும் மட்டுமா சாய்த்தது? எங்கள் கூரை வீட்டையும் கொண்டுபோயிற்று. அதன்பின் ஆண்டுகள் பல தகரக் கொட்டகையில் கழிந்தன. பின்னர் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டத்தில் அரசு தந்த மூன்றரை இலட்சத்தோடு கடனும் சேர, 360 சதுர அடியில் கான்கிரீட் வீடு எழுந்தது. ஒழுகாத வீடு! அப்பாயி சுவரைத் தடவித் தடவிப் பார்த்தார்.

ஆனால் வந்த சில நாட்களிலேயே அவர் இருமல் கூடிற்று. கூரை வீட்டிலும் புகை உண்டுதான். ஆயின் சூடேறிய புகை மேலெழுந்து கீற்றின் இடுக்குகளில் கசிந்து போய்விடும். கான்கிரீட் தளமோ பானைக்கு மூடி போன்றது. முட்டிய புகை ஆறித் தாழ்ந்து மூக்கிற்கே வருகிறது. அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும்; 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரலின் அடிவரை செல்லும்.

கேஸ் இல்லையா என்பீர்கள். இருக்கிறது, காப்பிக்கும் அவசரத்துக்கும். சோறும் வெந்நீரும் விறகில்தான். தைலமரச் சுள்ளிக்குக் காசில்லை, சிலிண்டருக்கு உண்டு. அந்த மிச்சத்தில்தான் என் ரெக்கார்டு நோட்டு வாங்கப்படுகிறது என்பதால் அம்மாவைக் குறைகூற எனக்கு நா எழவில்லை. நாகப்பட்டினம், விழுப்புரம் மாவட்டக் கர்ப்பிணிகளையும் சேர்த்து நடந்த பன்னாட்டு ஆய்வொன்றின் முடிவு 2022-இல் வெளிவந்தது. அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கிடைத்தபோது பெண்கள் விறகைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். அவர்கள் சுவாசித்த நுண்துகளும் வெகுவாகக் குறைந்தது. (குழந்தைகளின் பிறப்பு எடை மட்டும் எதிர்பார்த்தபடி கூடவில்லை.) அறியாமையால் விறகு எரிக்கிறார்கள் என்று பேசுவோர் இதைப் படிக்க வேண்டும்.

நம் மாவட்டத்து இராயவரம், அரிமளம் ஊர்களின் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பாருங்கள். முன்வாசலும் பின்வாசலும் நேர்கோட்டில், நடுவே வானம் பார்த்த வளவு, அடுப்படி கடைசியில். 360 சதுர அடியில் வளவுக்கு ஏது இடம்? ஆனாலும் அந்தத் தத்துவத்துக்கு இடமுண்டு: கீழே காற்று வர ஒரு திறப்பு, எதிரே உயரத்தில் அது போக ஒரு திறப்பு.

கொத்தனார் அடுப்படியில் மேலே வென்டிலேட்டர் வைத்துத்தான் இருந்தார். கொசு வருமென்று வீட்டார் அட்டையால் அடைத்திருந்தனர். பிறகு கொசுவர்த்தி கொளுத்தினர்! ஒரு சுருள் எரிந்து வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு சொன்னது. அதைச் சொன்னதும் பீடியை விடாத சித்தப்பா என்னை விநோதமாகப் பார்த்தார். அட்டையை எடுத்துக் கொசுவலை அடித்தோம். பெயிண்ட் வாடை தீரும்வரை பகலில் சன்னல்களை மூடுவதில்லை.

விறகடுப்பு இப்போது கொல்லைப்புறம் போய்விட்டது. அப்பாயி இரவில் முன்னைவிடத் தூங்குகிறார். ஐப்பசி மழைக்குள் அடுப்பின்மேல் சார்ப்பு இறக்க இரண்டு தகரம் வேண்டும். அப்பா விலை கேட்டு வைத்திருக்கிறார்.