போர்டு பள்ளியிலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி வரை

வளவனூர், விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே சாலையும் ரயில் பாதையும் தொட்டுச் செல்லும் பேரூர். கரும்பும் நெல்லும் விளையும் சுற்றுக் கிராமங்களுக்கு இதுபோன்ற பேரூரின் அரசு மேல்நிலைப் பள்ளிதான் படிப்பின் அடுத்த படி. ஊரிலுள்ள பள்ளி ஐந்தாம் வகுப்போடோ எட்டாம் வகுப்போடோ நின்றுவிட்டால், பிள்ளைகள் டி.சி. வாங்கிக்கொண்டு இங்குதான் வந்து சேர்கிறார்கள். இத்தகைய பள்ளி எப்போது தொடங்கியது என்பதற்கு ஒற்றை ஆண்டைப் பதிலாகச் சொல்ல முடியாது. வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்த அமைப்பு அது. மேலிருந்து கீழாகப் பார்த்துச் சென்றால் அந்தக் கைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

மேல்நிலை வகுப்புகள் கடைசியாக வந்தவை. கோத்தாரி கல்விக் குழு (1964–66) பரிந்துரைத்த 10+2 முறை, தமிழ்நாட்டில் 1978இல் பிளஸ் ஒன் வகுப்போடு தொடங்கியது. அதுவரை பதினோராம் வகுப்பின் முடிவில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு நடந்தது, தேறியவர்கள் பி.யூ.சி. எனும் புகுமுக வகுப்புப் படிக்கக் கல்லூரிக்குப் போக வேண்டியிருந்தது. வளவனூர் போன்ற ஊரில் அது விழுப்புரத்துக்கோ புதுச்சேரிக்கோ நாள்தோறும் போய்வருவது அல்லது விடுதியில் தங்குவது என்று பொருள்பட்டது. பெண்பிள்ளைகள் பலருக்குப் படிப்பு அத்துடன் முடிந்தது. கல்லூரியின் வாசல் வகுப்பு ஊர்ப் பள்ளிக்குள் வந்தபோது, அந்த இரண்டு ஆண்டுகள் வீட்டிலிருந்தே படிக்கக் கூடியவையாயின.

'அரசு' என்ற அடைமொழியும் அவ்வளவு பழையதல்ல. கிராமப்புற உயர்நிலைப் பள்ளிகளில் பெரும்பகுதி முதலில் ஜில்லா போர்டு எனும் மாவட்ட வாரியத்துக்குச் சொந்தமானவை. மூத்தவர்கள் இன்றும் 'போர்டு ஸ்கூல்' என்று சொல்வது அதனால்தான். 1958ஆம் ஆண்டுச் சட்டங்களின் வழியே ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்து ஜில்லா போர்டுகள் கலைந்தபோது, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களின் பொறுப்புக்குச் சென்றன. போர்டு உயர்நிலைப் பள்ளிகள் சில ஆண்டுகள் தனிக் கணக்கில் நீடித்து, 1970இல் அரசுப் பள்ளிகளாயின. ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளின் ஆசிரியர்களை அரசு தன் ஊழியர்களாக ஏற்றது 1981இல்.

இந்த மாற்றங்கள் தொடங்கிய 1950களில்தான் பள்ளிகளின் எண்ணிக்கை பெருகியது. 1953இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரக் கல்வித் திட்டம், காமராஜர் முதலமைச்சரான 1954இல் கைவிடப்பட்டது. 1956இல் தொடக்கப் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. சோற்றுக்கும் பாடத்துக்குமாக வந்த பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்தபோது, அடுத்த பள்ளி எங்கே என்ற கேள்வி ஊர்தோறும் எழுந்தது. அன்றைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு 1958இல் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் அதற்குக் கைகொடுத்தன. கடம்பத்தூரில் நடந்த முதல் மாநாட்டைத் தொடர்ந்து மாவட்டங்கள்தோறும் ஊரார் கட்டடம், மேசை நாற்காலி, கடிகாரம், சீருடை எனத் தங்களால் இயன்றதைப் பள்ளிக்குக் கொடுத்தனர். உயர்நிலைப் பள்ளிகள் பலவற்றுக்கு இடமும் இப்படியே கிடைத்தது: கொஞ்சம் புறம்போக்கு, கொஞ்சம் தானமாக வந்த பட்டா நிலம். பின்னாளில் 1982இல் வந்த சத்துணவுத் திட்டம், 1984இல் பத்தாம் வகுப்பு வயதினர் வரை நீண்டது.

1950களுக்கும் முந்தைய காலத்தில் உயர்நிலைப் பள்ளி சிலருக்கு மட்டுமே எட்டியது. மெட்ரிகுலேஷனுக்கு மாற்றாக எஸ்.எஸ்.எல்.சி. சென்னை மாகாணத்தில் 1911 வாக்கில் நிலைபெற்றது. ஐந்தாம் வகுப்புக்குப் பின் முதல் பாரம் தொடங்கி ஆறாம் பாரம் வரை படிக்க வேண்டியிருந்தது. பள்ளிச் சம்பளமும் கட்ட வேண்டியிருந்தது. குத்தகைதாரர், விவசாயக் கூலிகள் வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் வருவது அரிது. சாதிச் சுவர் அதைவிட உயரமானது. ஆதிதிராவிடப் பிள்ளைகளைச் சேர்க்க மறுத்த பள்ளிகள் ஏராளம் என்பதால், 1920களில் தொழிலாளர் துறை தனிப் பள்ளிகள் திறந்தது. இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் முன்வடிவம் அவை. வளவனூர் அப்போது அடங்கியிருந்த தென்னார்க்காடு மாவட்டத்திலேயே, சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியதற்கும் இந்தச் சேர்க்கை மறுப்பே காரணம்.

அடித்தளத்தில் இருப்பது வரி. 1871ஆம் ஆண்டு உள்ளூர் நிதிச் சட்டமும் 1884ஆம் ஆண்டு உள்ளூர் வாரியச் சட்டமும் நிலத்தின் மீது 'செஸ்' விதிக்க வழி செய்தன. நிலத்தின் ஆண்டு வாடகை மதிப்பில் ரூபாய்க்கு ஓர் அணா வரை வசூலிக்கலாம். சாலை, மருந்தகம், பள்ளி மூன்றும் அந்தப் பணத்தில் நடந்தன. 1854ஆம் ஆண்டு உட் அறிக்கைக்குப் பின் அரசு நேரடியாகப் பள்ளி நடத்துவதைவிட மானியம் கொடுத்துப் பிறரை நடத்தச் செய்வதையே விரும்பியது. அதனால் மாவட்டத்தின் பெரிய ஊர்களில் மிஷன் பள்ளிகள் வேரூன்றின. திண்டிவனத்தில் ஆற்காடு மிஷனின் வால்டர் ஸ்கடர் பள்ளி அத்தகையது. மிஷன் வராத இடங்களை நிரப்பியது போர்டு. அதுவும் எல்லாக் கிராமத்துக்கும் வரவில்லை. சுற்றூர்ப் பிள்ளைகள் வந்துபோக வழியுள்ள நடுவூர்களே தேர்வாயின. 1879இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி ரயில் பாதை வளவனூருக்கு அந்த வசதியைத் தந்தது. அதே பாதையின் மறுமுனையில், பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்ட புதுச்சேரியில், 1877இல் நிறுவப்பட்ட கால்வே கல்லூரி இருந்தது.

ஒரு குறிப்பிட்ட பள்ளியின் தொடக்கத்தை அறிய விரும்புவோருக்குச் சான்றுகள் பள்ளிக்குள்ளேயே கிடைக்கும். சேர்க்கைப் பதிவேட்டின் முதல் பக்கம் பள்ளி தொடங்கிய ஆண்டை மட்டுமல்ல, எந்தெந்த ஊரிலிருந்து, என்ன தொழில் செய்த வீட்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள் என்பதையும் காட்டும். முதல் பெண்பிள்ளையின் பெயர் எந்த ஆண்டில் வருகிறது என்பதும் அதில் தெரியும். திறப்பு விழாக் கல்வெட்டில் நன்கொடையாளர் பெயரும், கிராம நிர்வாக அலுவலரின் 'அ' பதிவேட்டில் நிலத்தின் வகையும் இருக்கும்.

இன்று சம்பளமும் பாடத்திட்டமும் முழுக்க மாநில அரசின் கையில். ஆனால் ஊருக்கும் பள்ளிக்குமான கொடுக்கல் வாங்கல் தொடர்கிறது. தேர்தலில் வாக்குச்சாவடியும், புயல் மழையில் தங்குமிடமும், பொதுத்தேர்வு மையமும் அதுவே. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோரே பெரும்பான்மை. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவருக்கு 2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடும், அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் வழங்க 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டமும், எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதையே ஓர் உரிமையாக்கின. நிலவரியில் ஓர் அணாவாகத் தொடங்கியது, இப்போது மாநில வரவுசெலவில் ஒரு துறையாக நிற்கிறது. நிலமும் பிள்ளைகளும் மட்டும் அன்றுபோல் ஊரார் தருவதே.