புகை வராத வண்டி

என் தாய்மாமன் நாமக்கல்லில் லாரி வைத்திருந்தார். 'சரக்குந்து' என்னும் நல்ல தமிழ்ச்சொல் உண்டென்பதை அறிவேன். வகுப்பறையில் அதையே சொல்லித் தருகிறேன். ஆயினும் மாமா தம் இறுதிநாள்வரை அதை லாரி என்றே அழைத்தார். அவருடைய வண்டிக்கு நான் வேறு பெயர் சூட்ட மனம் ஒப்பவில்லை.

1987ஆம் ஆண்டுக் கோடை. நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு முடிந்து மாமா வீட்டிற்குச் சென்றிருந்தேன். வண்டி கரும்புகை மிகுதியாகக் கக்குகிறதென்று டீசல் பம்பையும் நாசில்களையும் கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார்கள். மீண்டும் பொருத்தியபின் வண்டி கிளம்பவே இல்லை. அன்று மாலைக்குள் கோழிப்பண்ணைக்குப் போய்க் கேரளத்துக்கு முட்டை ஏற்ற வேண்டும். தவறினால் வேறு வண்டி ஏற்றிக்கொள்ளும். மாதத் தவணைக்கு இன்னும் நான்கு நாள்களே இருந்தன. மாமா பட்டறை வாசலில் பேசாமல் அமர்ந்திருந்தார்.

பட்டறைக்காரரை எல்லோரும் 'பெரியவர்' என்பர். அவரிடம் என் வயதொத்த பையன் ஒருவன் தொழில் பழகிக்கொண்டிருந்தான். பில்டரை மாட்டியவன் அவன்.

"பம்பை டைமிங் தப்பி மாட்டியிருக்கிறார்கள், மறுபடியும் கழற்றிவிடலாம்" என்றார் ஓட்டுநர். கழற்றினால் அன்றைய பொழுது போய்விடும். பெரியவர் விடை சொல்லாமல், "செல்ப் அடி" என்றார். இரண்டு பாட்டரிகளும் நல்ல நிலையில் இருந்தன. என்ஜின் தடையின்றிச் சுழன்றது. பெரியவரோ என்ஜினைப் பார்க்கவில்லை. பின்னால் சென்று சைலன்சர் வாயையே நோக்கி நின்றார்.

"வெள்ளைப் புகையாவது வருகிறதா?"

"இல்லைங்க."

"அப்படியானால் பம்பில் கை வைக்காதே. டீசல் உள்ளே போயும் எரியாவிட்டால் புகை வரும். இங்கே டீசலே போகவில்லை."

பெட்ரோல் என்ஜினில் தீப்பொறி தரும் பிளக் உண்டு. டீசல் என்ஜினில் அஃது இல்லை. உள்ளிழுத்த காற்றைப் பிஸ்டன் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காக நெருக்குகிறது. வெப்பம் 500 டிகிரி செல்சியசைக் கடக்கிறது. அந்தச் சூட்டில் நாசில் தூவும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. நாசில் திறப்பதற்கு வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு அழுத்தம் தேவை. டீசலை அழுத்தினால் அது சுருங்குவது அரிது. காற்றோ எளிதில் சுருங்கிவிடும். குழாயில் சிறிது காற்று புகுந்தாலும் பம்பின் விசையெல்லாம் அதை நெருக்குவதிலேயே செலவாகிவிடும், நாசில் திறக்காது. இவற்றைப் பின்னாளில் நூல்களில் படித்தேன். அன்று நான் கண்டது நுரையை மட்டுமே. நாசில் குழாயின் நட்டைத் தளர்த்தி என்ஜினைச் சுழற்றியபோது டீசலுக்குப் பதில் நுரையே வந்தது.

பட்டறைகளில் இதனை 'ஏர் பிடித்துவிட்டது' என்பர். பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தி ஏர் எடுத்தார்கள். குமிழிகள் வந்தன, நிற்கவே இல்லை. அரைமணி நேரம் அழுத்தியும் நிற்கவில்லை. "பில்டரை ஒழுங்காக மாட்டாததால்தான் இவ்வளவும்" என்று கத்திய ஓட்டுநர், பையனின் கன்னத்தில் அறைந்துவிட்டார். அவன் அழவில்லை; ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். மாமா எழுந்தார், ஆனால் ஒன்றும் பேசவில்லை. அதற்காக அவர்மீது எனக்கு நெடுநாள் வருத்தம் இருந்தது.

பெரியவர் பில்டரின் அடியைச் சுற்றி விரலால் தடவி, விரலை ஓட்டுநரின் முகத்துக்கு நேரே நீட்டினார். ஈரமே இல்லை.

"பீட் பம்பு டீசலைத் தள்ளுகிற பக்கம் பில்டர் இருக்கிறது. இங்கே இடைவெளி இருந்தால் டீசல் வெளியே கசியும். காற்று உள்ளே போகாது. டேங்கிலிருந்து உறிஞ்சுகிற பக்கத்தில்தான் சொட்டுக்கூடக் கசியாமல் காற்று நுழையும்."

பிறகு என்னை அழைத்தார். "தம்பி, மட்கார்டுமேல் ஏறி இந்த டீசல் கேனை உயரப் பிடி." டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கேனிலிருந்து ஒரு ரப்பர்க் குழாயை நேரே பீட் பம்பில் இணைத்தார். கைப்பம்பை அழுத்தினார். பத்துப் பன்னிரண்டு குமிழிகள் வந்தன. பின்பு ஒன்றுகூட இல்லை. தெளிந்த டீசல் வழிந்தது. என் கை வலித்தது, இறக்கத் தோன்றவில்லை.

கழற்றிய குழாயை வெயிலில் பிடித்து மெல்லத் திருப்பினார். பீட் பம்போடு சேரும் முனையில், நட்டின் கீழே, தலைமயிர் அளவில் ஒரு வெடிப்பு. நட்டோடு சேர்ந்து குழாயும் முறுகியிருந்தது.

சற்று நேரம் அதையே பார்த்திருந்த பெரியவர், "இதை முறுக்கியவன் நான்" என்றார். "பையன் இந்தப் பக்கம் வரவேயில்லை. ஸ்பேனர் என் கையில் இருந்தது." மாமாவிடம் திரும்பி, "குழாய்க் காசு என் கணக்குங்க" என்றார். ஓட்டுநர் தலையைக் குனிந்துகொண்டு, புதுக்குழாய் வாங்கக் கடைக்குப் புறப்பட்டார்.

குழாய் மாட்டி, ஏர் எடுத்து முடித்தபோது ஐந்து மணி கடந்துவிட்டது. ஓட்டுநர் இருக்கையில் ஏறப்போனவரைப் பெரியவர் கையமர்த்தினார். பையனை அழைத்து, "நீ ஏறி செல்ப் அடி" என்றார்.

அவன் கையை இடுப்புத் துணியில் துடைத்துக்கொண்டு ஏறினான். மூன்றாம் சுற்றில் சைலன்சரிலிருந்து வெண்புகை எழுந்தது. நான்காவதில் வண்டி உறுமியது.